இரண்டு வாசல், ஒரு ரெலிபோன்

அத்தியாயம் பதினொன்று

"ரெலிபோனும் வீட்டோட போகுதெண்டு ஆர் சொன்னது? அதை முதல்ல சொல்லுங்கோ!"

"மெல்லக் கதை, நாகேஸ். பக்கத்து வீட்டுக்கு..."

"கேக்கட்டும்! காலி வீதி மட்டும் கேக்கட்டும்! என்ர பிள்ளை பாடமாக்கிக்கொண்டு போன நம்பரை நீங்கள்..."

"ஒருத்தரும் உன்ர நம்பரை..."

"வித்துப்போட்டியள்! கதவு, ஜன்னல், கொமட் எண்டு சொல்லி, அதோட சேத்து வித்துப்போட்டியள்!"

"இன்னும் விக்கேல்லை. கதைச்சிருக்கு. அவ்வளவுதான்."

"கதைச்சிருக்கோ? சந்தைக்குள்ள வைச்சு, மரக்கறிக்காரனுக்கு முன்னால, புரோக்கர் சவுந்தரநாயகம் எனக்குச் சொல்லுறான். 'அக்கா, திங்கக்கிழமை கையெழுத்துக்கு வரேக்குள்ள ரெலிபோன் பில்லையும் கட்டிப்போட்டு வாங்கோ, அதுவும் வாங்கிறவையின்ர பேருக்கு மாறுது' எண்டு. நிறுத்து வைச்ச கத்தரிக்காயை அப்பிடியே விட்டிட்டு வந்தனான்."

மேலிருந்து இன்னொரு குரல் இறங்கியது. "கத்தரிக்காயை விட்டிட்டு வந்ததும் இவர் செய்த குற்றமே?"

புதிதாகக் கட்டிய வெளிப்படிக்கட்டின் உச்சியில் இரத்தினம்மா நின்றாள். ஸ்ரீஸ்கந்தராசாவின் மனைவி. இடுப்பில் கை. கீழே, கேற்றுக்குப் பச்சைப் பெயின்ற் பூசிக்கொண்டிருந்த ஸ்ரீஸ்கந்தராசா, தூரிகையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு பெண்களுக்கும் நடுவில் நின்றார்.

"மச்சாள், நான் உங்களோட கதைக்கேல்லை. என்ர அண்ணனோட கதைக்கிறன்" என்றாள் நாகேஸ்வரி.

"ஓமோம். ரைல்ஸ் பதிக்கிறவனோட சிங்களத்தில மல்லுக்கு நிண்டது நான். சீமெந்துத் தூசியைத் திண்டது நான். கதைக்கிறதுக்கு மட்டும் அண்ணன்."

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது அந்த வீடு. தகப்பன் கட்டி, மகனுக்கும் மகளுக்கும் பொதுவாக எழுதிவைத்துவிட்டுப் போனது. இருவரும் கையெழுத்து வைத்தால்தான் விற்கலாம். மேலே அண்ணன் குடும்பம், கீழே தங்கை குடும்பம். எண்பத்து மூன்று கலவரத்தில் மேல்மாடியைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். அதன்பிறகு பத்து வருஷமாகத் தகரக் கூரையோடு நின்ற வீட்டை இந்த வருஷம்தான் எடுத்துத் திருத்தினார்கள். இருக்க அல்ல, விற்க.

"ஒரு வீடாய் வித்தால் ஒரு விலை. ரெண்டு குடும்ப வீடாய் வித்தால் வேற விலை" என்று சொன்னவன் சவுந்தரநாயகம். அவன் பேச்சைக் கேட்டு, உள்ளே இருந்த மாடிப்படியைப் பாதியில் மறித்துச் சுவர் எழுப்பினார்கள். மேலே போக வெளியால் ஒரு படி கட்டினார்கள். ஒரு வீடு இரண்டு வீடானது. இரண்டு வாசல், இரண்டு குசினி.

ரெலிபோன் மட்டும் ஒன்று.

அது அந்த உள்படியின் திருப்பத்தில் ஒரு ஸ்ரூலில் இருந்தது. மேல்வீட்டுக்கும் இல்லை, கீழ்வீட்டுக்கும் இல்லை. மணி அடித்தால் முதலில் ஓடி வருகிறவருக்கு. சுவர் எழும்பியபோது ஸ்ரூல் மேல்வீட்டுப் பக்கம் அகப்பட்டுவிட்டது. இப்போது மணி அடித்தால் நாகேஸ்வரிக்குச் சுவருக்கு அப்பால் கேட்கும். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்கதவால் ஓடி, வீட்டைச் சுற்றி, வெளிப்படியில் ஏறிக் கதவைத் தட்ட வேண்டும். தட்டும்போது மணி நின்றிருக்கும்.

அவளுடைய மகன் சேந்தன் தை மாதம் ஏஜென்சிக்காரனோடு வெளிநாட்டுக்குப் புறப்பட்டவன். சித்திரையில் மொஸ்கோவிலிருந்து ஒரு தடவை கதைத்தான். இப்போது ஆவணி. இடையில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு துண்டுக் கடதாசிகூடக் கையில் இருக்கக்கூடாது என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். அதனால் போவதற்கு முன், காலையில் தேவாரம் சொல்லி முடிந்த கையோடு, அந்த ரெலிபோன் நம்பரையும் மகனைச் சொல்ல வைத்தாள் தாய். சாமி முன்னால் நின்று, கை கூப்பிக்கொண்டு, இலக்கம் இலக்கமாக. தகப்பன் இல்லாத பிள்ளை. அவனுக்குத் தெரிந்த ஒரே நம்பர் அது.

அதனால்தான் போன கிழமை ஒரேயொரு நிபந்தனையோடு விற்பதற்குச் சம்மதித்தாள். "வீட்டை வில்லுங்கோ. நான் அடுத்த ஒழுங்கையில வாடகைக்கு ஒரு அனெக்ஸ் பாக்கிறன். ரெலிபோன் என்னோட வரட்டும். வெள்ளவத்தைக்குள்ள மாத்தினால் அதே நம்பர் கிடைக்கும்." ஸ்ரீஸ்கந்தராசா "ஓம்" என்றார்.

அந்த "ஓம்" எங்கே போனது என்பதுதான் இன்று காலைச் சண்டை.

"அண்ணா, எனக்குச் சொன்னது பொய்யோ, அவைக்குச் சொன்னது பொய்யோ?"

"ரெண்டும் பொய்யில்லை." அவர் தூரிகையைப் பெயின்ற் ரின்னுக்குள் விட்டார். "அவை ரெலிபோன் இருக்கோ எண்டு கேட்டினம். ஓம் எண்டன். நீ ரெலிபோன் வேணுமெண்டாய். ஓம் எண்டன்."

"ரெண்டு பக்கமும் ஓமோ?"

"ஒரு பக்கம் பேந்து இறங்கி வருமெண்டு நினைச்சனான்."

"எந்தப் பக்கம்?"

அவர் கேற்றைப் பார்த்தார்.

"சொல்லுங்கோ. எந்தப் பக்கம் இறங்கி வருமெண்டு நினைச்சனீங்கள்?"

"நீதானே என்ர தங்கச்சி" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

அதைக் கேட்டு நாகேஸ்வரி அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நல்லம். பாசமுள்ளவளைத்தான் வெட்டலாம். மற்றவை திருப்பி வெட்டுவினமெல்லோ."

"நாகேஸ், நீர் ஒண்டை விளங்கிக்கொள்ளும்" என்று இரத்தினம்மா படியிறங்கினாள். இறங்க இறங்கக் குரல் ஏறியது. "போன மாசச் சுற்றிவளைப்பில இந்த மனிசனைக் கொண்டுபோய், விடியுமட்டும் பொலிஸ் வாங்கில இருத்தி வைச்சவங்கள். பிறஷர் குளிசையைக் குடுக்கவும் விடேல்லை. ரெயில்வேயில முப்பது வருஷம் வேலை செய்த மனிசன், கோழிக்கூட்டுக்குள்ள கிடந்த மாதிரி வந்து நிண்டவர். எனக்கு இந்த ஊர் காணும். வெளிநாட்டில இருக்கிற மகள் ஸ்பொன்சர் பண்ணிப்போட்டாள். நான் போக வேணும். இவரோட போக வேணும்."

"போங்கோ. ஆர் மறிச்சது? ரெலிபோனை வைச்சிட்டுப் போங்கோ."

"ரெலிபோன் இல்லாட்டி அவை வாங்கமாட்டினம்."

"அப்ப நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"உம்முடைய மகனுக்காக நாங்கள் இஞ்ச கிடந்து சாக வேணுமோ?"

"என்ர மகன் செத்துப்போனான் எண்ட கணக்கிலதானே நீங்கள் கதைக்கிறியள்? மணி அடிச்சாலும் ஒரு குரல் குடுக்கிறியளோ? போன வெள்ளிக்கிழமையும் அடிச்சது. அடுப்பில தேத்தண்ணி கொதிக்கக் கொதிக்க விட்டிட்டு ஓடி வந்தனான். வந்து கேக்க, 'ரோங் நம்பர்' எண்டு சொல்லிக் கதவைச் சாத்தினீங்கள்."

இரத்தினம்மா படியில் நின்றுவிட்டாள். "ரோங் நம்பரை ரோங் நம்பர் எண்டுதான் சொல்லலாம்" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி மேலே ஏறினாள். வந்த வேகத்தைவிடப் போன வேகம் கூட.

"பின்னேரம் அவை வருகினம். வீட்டைக் கொஞ்சம் துப்புரவாய் வை, தங்கச்சி" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

"வைக்கிறன். நல்லாய் வைக்கிறன்" என்றாள் நாகேஸ்வரி.

சனிக்கிழமை அரைநாள் வேலை. புறக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய நாகேஸ்வரியின் மகள் கௌரிக்கு ஒழுங்கை முனையிலேயே அந்தச் சத்தம் கேட்டது. தொம். கொஞ்சம் பொறுத்து, தொம். கரையோர ரெயில் போகும்போது அந்த ஒழுங்கையில் ஜன்னல்கள் அதிரும். ஆனால் இது ரெயில் இல்லை.

வீட்டுக்குள் வந்தாள். கூடத்திலிருந்து எழும்பும் உள்படிகள் இப்போது எங்கும் போகாத படிகள். வெங்காயக் கூடையும் பழைய சூட்கேசுகளும் அவற்றில் குந்தியிருந்தன. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கடைசிப் படியில் நின்று, நாகேஸ்வரி உலக்கையால் சுவரைக் குத்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா! என்ன செய்யிறியள்?"

"மா இடிக்கிறன். தெரியேல்லையே?"

"பின்னேரம் வீடு பாக்க ஆக்கள் வருகினமெல்லோ?"

"வரட்டும். வந்து வடிவாய்ப் பாக்கட்டும்." தொம். "இந்தச் சுவருக்கு அங்கால" தொம் "என்ர பிள்ளையின்ர குரல் கிடக்குது."

கௌரி காலைச் சண்டையின் மிச்சத்தைத் தாயின் முகத்திலிருந்தே வாசித்துவிட்டாள். கைப்பையைக் கதிரையில் போட்டாள். கைமணிக்கூட்டைக் கழற்றி அதன் மேல் வைத்தாள்.

"தள்ளுங்கோ."

"நீ மறிக்காதை, கௌரி."

"மறிக்க வரேல்லை. உங்களுக்குக் கை வலிக்கும். தாங்கோ உலக்கையை. எனக்கும் அவன் தம்பிதானே?"

சவுந்தரநாயகத்தின் மேசன் கட்டிய சுவர். வெளியே பளபளவென்று பூசியிருந்தான். உள்ளே சீமெந்தைவிட மணல் கூட. நாலைந்து குத்தில் ஒரு கல் அசைந்தது. அடுத்த குத்தில் அப்பால் போய் விழுந்தது. அதோடு பக்கத்துக் கற்களும் தாமாக இறங்கின.

துவாரத்துக்கு அப்பால் முதலில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. பிறகு முழங்கால். பிறகு குனிந்த இரத்தினம்மாவின் முகம்.

"ஐயோ! விசர் பிடிச்சிட்டுது! இஞ்சேருங்கோ, ஓடி வாங்கோ, தாய்க்கும் மகளுக்கும் விசர் பிடிச்சிட்டுது!"

"மாமி, முகத்தை எடுங்கோ. கல் விழும்" என்றாள் கௌரி.

"நேற்றைக்குத்தான் பெயின்ற் காஞ்சது!"

"இண்டைக்குக் காத்து வாங்கட்டும். அம்மா, கையை விட்டுப் பாருங்கோ, ரெலிபோன் எட்டுதோ?"

நாகேஸ்வரி தோள் வரை கையை விட்டாள். விரல் நுனி ஸ்ரூலின் காலில் பட்டது. அதைப் பிடித்து இழுப்பதற்குள் இரத்தினம்மா ரெலிபோனைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இதைத் தொட்டால் பாரும்!" வயர் எவ்வளவு தூரம் விட்டதோ அவ்வளவு தூரம் போய் நின்றாள். அதற்கு மேல் போக வழியில்லை. அப்படியே நின்று கத்தினாள்.

ஸ்ரீஸ்கந்தராசா ஓடி வந்தார். கீழ்வாசலால் வந்து, "தங்கச்சி, இது நாயமில்லை" என்றார். பிறகு வெளிப்படியில் ஏறி மேல்வாசலால் போய், "விடும் இரத்தினம், பிள்ளையள் பாவம்" என்றார். இரண்டு வாசலிலும் அவரை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை.

பின்னேரமாவதற்குள் இரத்தினம்மா தன் பக்கம் துவாரத்தின் மேல் ஒரு கோயில் கலண்டரைத் தொங்கவிட்டாள். நாகேஸ்வரி கீழே நின்று அதைத் துவாரத்தால் உருவி எடுத்தாள். மேலே ஒரு விரிப்பு வந்தது. அதுவும் கீழே வந்தது.

நல்ல வேளை, கார் வந்து நின்றது.

மக்கீன் ஹாஜியார் புறக்கோட்டையில் புடவைக்கடை வைத்திருப்பவர். தெமட்டகொடையில் ரெயில் பாதை ஓரத்தில் பழைய வீடு. மகள்மார் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வீடு தேடினார். மனைவி ருக்கியா, வெள்ளை முக்காட்டோடு, கையில் வட்டிலாப்பம் வைத்த தூக்குச்சட்டியோடு இறங்கினாள். வாங்கப்போகும் வீட்டுக்கு வெறுங்கையோடு வர அவளுக்கு மனமில்லை.

ஸ்ரீஸ்கந்தராசா அவர்களை மேலே கூட்டிப்போகத்தான் பார்த்தார். ஹாஜியார் கீழ்க்கூடத்துக்குள் நுழைந்துவிட்டார். படியில் கல்லும் மண்ணும். மேலே துவாரம். துவாரத்துக்குள் இரத்தினம்மாவின் சேலைக்கரை.

"இதென்ன, செவர ஒடச்சி வச்சீக்கிறீங்க?"

"அது... கொஞ்சம் வேலை மிச்சம், ஹாஜியார். நாளைக்கே பூசிவிடலாம்."

"பூச வாணாம்! நாங்களே ஒடைக்கத்தான் நெனச்சீந்த." ஹாஜியார் துவாரத்தை எட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "ரெண்டு பேரும் ஒரு வயித்துப் புள்ளயள். நடுவுல என்னத்துக்குச் செவரு? உள்ளால ஒரு படி ஈந்தா எவ்வளவு நல்லம்."

ஸ்ரீஸ்கந்தராசாவின் வாய் திறந்தபடியே நின்றது. "அப்ப சவுந்தரநாயகம் ரெண்டு வாசல்தான் வேணுமெண்டு..."

"அவர் செல்லுவாரு. கட்டுறவன் அவருட மச்சானாமே."

இன்னொரு நாளென்றால் நாகேஸ்வரி சிரித்திருப்பாள். இன்று முன்னால் வந்தாள். சேலையெல்லாம் சீமெந்து. கையில் இன்னும் உலக்கை.

"ஹாஜியார், படி உங்களுக்குத்தான். வீடும் உங்களுக்குத்தான். ரெலிபோன் மட்டும் இல்லை. அண்ணா சொன்னது பிழை."

ஹாஜியாரின் முகம் மாறியது. "அப்பிடிச் செல்ல ஏலாதே தங்கச்சி. போன் ஈக்கிற ஊடுன்டுதானே நாங்க வந்த? மூத்த மகள்ட மாப்புள ரியாத்ல. கெழமைக்கு ஒருக்கா சந்திக் கடைக்குத்தான் போன் எடுக்கிறாரு. வயித்துப் புள்ளயோட எங்கட புள்ள ரோட்டத் தாண்டி ஓடுது. போன் இல்லாட்டி எனக்கு ஊடு வாணாம்."

"பாத்தீரோ? கேட்டுதோ?" என்றாள் துவாரத்துக்குள்ளிருந்து இரத்தினம்மா.

நாகேஸ்வரி அவளைப் பார்க்கவில்லை. ருக்கியாவைப் பார்த்தாள். காலையிலிருந்து உயர்ந்தே நின்ற குரல் அப்போதுதான் கொஞ்சம் தணிந்தது.

"ஓடுற ஓட்டம் உங்களுக்கும் தெரியுமெல்லே, ராத்தா? என்ர மகன் வெளிக்கிட்டு ஏழு மாசம். எங்க நிக்கிறான் எண்டு தெரியாது. இந்த நம்பர் ஒண்டுதான் அவனுக்குத் தெரியும். எடுத்தால் அம்மா எடுப்பா எண்டு நினைச்சுத்தான் எடுப்பான். வேற ஆரும் எடுத்தால் பயந்து வைச்சிடுவான்."

ருக்கியா தூக்குச்சட்டியை மேசையில் வைத்தாள். முகம் இளகி வந்தது.

"ஓ... அந்தப் புள்ள உங்கட மகனா?"

"எந்தப் பிள்ளை?"

"போன வெள்ளிக்கெழம நாங்க ஊடு பாக்க வந்தமே. மேல ஈக்கக்குள்ள போன் அடிச்சிச்சி. இவங்கதான் எடுத்த. 'அம்மாவக் கூப்பிடுங்கோ, அம்மாவக் கூப்பிடுங்கோ'ன்டு அந்தப் புள்ள கத்தினது எங்களுக்கே கேட்டிச்சி. தூரத்து லைன் போல. நீங்க வெளிய போயிட்டீங்கன்டு சென்னாங்க. அதுக்குப் பொறகு எடுத்தாரா?"



வெள்ளிக்கிழமை. வீடு பார்க்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க வேண்டுமென்று அண்ணன் சொல்லி, கீழே அடுப்படியில் நின்றவள் நாகேஸ்வரி. ருக்கியா குடித்தது அவள் போட்ட தேத்தண்ணி.

"மாமா!" என்றாள் கௌரி. "உங்களுக்குத் தெரியுமோ?"

ஸ்ரீஸ்கந்தராசா தலையை ஆட்டினார். இல்லை என்றா, ஓம் என்றா, அந்த ஆட்டத்தில் தெரியவில்லை. வாழ்க்கை முழுக்க அப்படித்தான் ஆட்டினார்.

"லைன் கட்டாப் போச்சு" என்றாள் இரத்தினம்மா. துவாரத்துக்குள்ளிருந்து வந்த குரல் அவளுடைய குரல் போலவே இல்லை. "கரகரவெண்டுது. கட்டாப் போச்சு. நான் என்ன செய்ய?"

"கட்டாவல்லயே" என்றாள் ருக்கியா, ஒன்றும் அறியாமல். "நீங்கதானே..."

"ருக்கியா" என்றார் ஹாஜியார். "சும்மா இரிங்க."

ருக்கியா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியதிலேயே மிச்சம் எல்லாம் சொல்லியாகிவிட்டது.

கௌரி படியில் பாய்ந்தாள். நாகேஸ்வரி ஒரு கையால் அவளை மறித்தாள்.

"திங்கக்கிழமை கையெழுத்து முடியச் சொல்லத்தான் இருந்தனான்!" இரத்தினம்மா கத்தத் தொடங்கினாள். "சொன்னால் நீர் கையெழுத்து வைப்பீரோ? மாட்டீர்! அவன் உயிரோட இருக்கிறான், திரும்ப எடுப்பான் எண்டு சொல்லி இந்தச் சுவரோட ஒட்டிக்கொண்டு கிடப்பீர்! என்ர மனிசனை அதுக்குள்ள திரும்பப் பிடிச்சுக்கொண்டு போனால்? உமக்கு மகன் உயிரோட இருக்கிறான். எனக்கு? நான் கேக்கிறன், எனக்கு?"

"நாங்க பொறகு வாறம்" என்றார் ஹாஜியார் மெதுவாக. மனைவியின் தோளைத் தொட்டார். ருக்கியா நகரவில்லை. நாகேஸ்வரியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாகேஸ்வரி அந்தக் கையை விலக்கினாள். உலக்கையைக் கீழே போட்டாள். எங்கும் போகாத படிகளில் ஒவ்வொன்றாக ஏறினாள். உடைந்த கற்களுக்கு மேல் முழங்காலிட்டு, துவாரத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனாள். அப்பால் மச்சாள் இன்னும் ரெலிபோனை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள்.

இரத்தினம்மா கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளை நாகேஸ்வரி "நீங்கள்" என்றுதான் கூப்பிட்டாள். எந்தச் சண்டையிலும் அது "நீர்" என்று இறங்கியதில்லை.

"வைக்கிறதுக்கு முதல், எங்கயிருந்து கதைக்கிறாய் எண்டாவது அவனைக் கேட்டனீரோ?"